ஸ்காபரோவில் முன்வளவுப் புல்லை மூடி மரக்கறி நடுவது

முன்வளவுப் புல்லைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே மாதம் கொஞ்சம் வெயில் கண்டதும் எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை, புல் அறுக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்து, புல்லை வேரோடு சுருட்டிக் குப்பைக்கு அனுப்புவதுதான். அந்தச் சுருளோடு நல்ல மண்ணும் போய்விடும். ரொறொன்ரோவின் இந்தப் பக்கத்து வளவுகள் பலவற்றில் மேலே சில அங்குலம்தான் கறுத்த மண். கீழே களி. காய்ந்தால் அலவாங்கு போட்டாலும் இறங்காது, நனைந்தால் சப்பாத்தை விடாது. அந்தக் களியில் கத்தரிக்கன்றை ஊன்றிவிட்டு, யூலையில் ஏன் வளரவில்லை என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை.

மருந்தடித்துப் புல்லைக் கொல்லலாமே என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். வீட்டு வளவில் அழகுக்காகக் களைகொல்லி அடிப்பதை ஒன்ராறியோ 2009இலேயே தடைசெய்துவிட்டது. மரக்கறி நடப்போகிற மண்ணில் அது எதற்கு?

செப்டெம்பரில் புல்லைக் காட்போட் மட்டையாலும் மண்ணாலும் மூடுங்கள், மே கடைசியில் நடுங்கள். இடையில் இருக்கிற குளிர்காலம் உங்களுக்காக வேலை செய்யும்.

எங்கள் பின்வளவு வடக்குப் பக்கம். வீட்டின் நிழல் பாதி, பக்கத்து வீட்டு மேப்பிளின் நிழல் மீதி. வெயில் விழுவது முன்னால்தான். கத்தரி, மிளகாய், வெண்டி, பாகல், பயற்றை எல்லாம் வெயிலில் பிறந்த சாதி. ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் இலை வரும், காய் வராது. எட்டு மணி நேரம் கிடைத்தால் நல்லது. ஒரு செப்டெம்பர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நின்று, காலையிலிருந்து நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்த மாதம் சூரியன் பணிந்து போவதால் நிழல் நீளம். அப்போதே ஆறு மணி நேரம் கிடைக்கிற இடத்துக்கு யூனில் குறையே இராது.

மூடுமுன் பார்க்க வேண்டியவை

வீதியோரத்துப் புல் முழுக்க உங்களுடையது என்று நினைக்காதீர்கள். நடைபாதைக்கு அந்தப்பக்கம் இருக்கும் கீற்று நகரசபையினுடையது. பல வீதிகளில் நடைபாதைக்கு இந்தப்பக்கமும் சில அடி நகரசபைக்குச் சொந்தம். வீடு வாங்கும்போது தந்த நில அளவைப் படத்தை எடுத்துப் பாருங்கள், எல்லை அதில் இருக்கும். நகரசபையின் துண்டில் குட்டையான பூச்செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளைக்குத் தண்ணீர்க் குழாய் மாற்ற வந்து கிளறினால் உங்கள் மிளகாய்க்கு யாரும் நட்டஈடு தரப்போவதில்லை.

அடுத்தது, நிலத்தடிக் குழாயும் கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று காட்டித்தரும் ஒன்ராறியோ வன் கோல் சேவை. பந்தல் கம்பத்துக்குக் கிடங்கு வெட்டுவதாக இருந்தாலும் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அது சட்டம், காசும் இல்லை. ஒரு வாரத்துக்கு மேலாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஆள் வந்து புல்லின் மேல் நிறம் பூசிவிட்டுப் போவார். மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் குடிதண்ணீர், செம்மஞ்சள் தொலைபேசி, இணையம். எரிவாயுக் குழாய் பெரும்பாலும் முன்வளவுக்குள்ளால்தான் வீட்டுக்குள் வரும். கூரான அலவாங்கோடு அதன் மேல் நின்று யோசிக்க வேண்டாம்.

வளவிலோ பக்கத்திலோ கறுப்பு வால்நட் மரம் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் வேரிலிருந்து வரும் ஒரு சாரம் தக்காளியையும் கத்தரியையும் வாட்டிக் கொன்றுவிடும். அப்படியென்றால் சட்டியில் வளர்ப்பதுதான் வழி. வீடு பழையதென்றால், 1960களுக்கு முந்தியதென்றால், சுவரோரத்து மண்ணில் பழைய பெயின்ற்றின் ஈயம் உதிர்ந்து கிடக்கலாம். குவெல்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்துக்கு மண் அனுப்பிச் சோதிக்கலாம். சோதிக்காவிட்டால் சுவரிலிருந்து தள்ளி, புதுமண்ணை உயர்த்திப் போட்டு நடுங்கள்.

அயலவர் முறைப்பாடு செய்வார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. 2012இல் கியூபெக்கின் டிரமண்ட்வில்லில் ஒரு தம்பதியின் முன்வளவு மரக்கறித் தோட்டத்தை அகற்றச் சொல்லி நகரசபை கட்டளை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பிப் பெரிய செய்தியானது, கடைசியில் நகரசபை இறங்கி வந்தது. ரொறொன்ரோவில் முன்வளவு முழுக்கக் கொங்கிரீட் போட்டால்தான் பிரச்சினை. மண்ணும் செடியுமாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் புல்லாக விட்டுவைத்த பகுதி 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் கடிதம் வரும். மற்ற நகரங்களில் இருப்பவர்கள் தங்கள் நகரசபை விதியை ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்வீட்டில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

புல்லைக் கொல்வது

தேவையானது காட்போட் மட்டை. சைக்கிள் கடை, தளபாடக் கடை, குளிர்சாதனப் பெட்டி விற்கிற இடம் எல்லாவற்றிலும் பெரிய பெட்டிகள் கிடைக்கும். கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள், அவர்களுக்கு அது குப்பை. ஒட்டிய பிளாஸ்ரிக் ரேப்பையும் லேபலையும் உரித்துவிடுங்கள். பளபளப்பாக நிறம் அச்சடித்த பெட்டி வேண்டாம்.

புல்லைக் கீழ்மட்டத்தில் வெட்டுங்கள். வெட்டிய புல்லை அள்ள வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும். நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மேலே மட்டையை விரியுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும். புல்லுக்கு ஒரு விரல் இடைவெளி போதும், வெளிச்சத்தைத் தேடி வந்துவிடும். விரித்த மட்டையை உடனேயே நனைத்து, உடனேயே மண் போடுங்கள். காற்று நாளில் தனியாக நின்று இந்த வேலை செய்யக்கூடாது. மட்டை அடுத்த வீதிக்குப் போய்விடும்.

அம்மா திண்ணையில் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "உதென்ன பிள்ளை, குளிருக்கு முன்னம் புல்லுக்குப் போர்வை போடுறாய்?" என்று கேட்டார். ஏப்ரலில் ஒரு மூலையில் மட்டையைக் கிளப்பிக் காட்டினேன். மட்டை ஊறிப் பிய்ந்துவந்தது. அடியில் புல் பச்சை போய், வெளிறிய மஞ்சள் நார்களாகக் கிடந்தது. இழுத்தால் வேர் எதிர்க்கவில்லை. களியின் மேல்பாகம் உதிர்ந்து, மண்புழுக்கள் ஓடிய துளைகள் தெரிந்தன. அம்மா குனிந்து ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "ம்ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சான்றிதழ்.

நவம்பரில் மூடினால் இந்தப் பலன் கிடைக்காது. மண் உறைந்த பிறகு புழுவும் வேலை செய்யாது, மட்டையும் உக்காது. செப்டெம்பர், பிந்தினால் ஒக்டோபர் முதல் பாதி.

மட்டைக்கு அடங்காதவை சில உண்டு. கொடியாகச் சுற்றும் பைண்ட்வீட், கனடா முட்செடி, நீண்ட வெள்ளை வேர் ஓடும் குவாக் புல். இவை இருந்தால் மூடுவதற்கு முன் மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுங்கள். பைண்ட்வீட்டின் வேர்த்துண்டு ஒன்று மிஞ்சினாலும் அடுத்த வருடம் உங்கள் பயற்றைக்கு முன்னம் அது பந்தல் ஏறும்.

மண் கணக்கு

ஒரு சாதாரண முன்வளவில் மூடுகிற இடம் 12 அடிக்கு 18 அடி என்று வைப்போம். 216 சதுர அடி. ஆறு அங்குல உயரம் போட 108 கன அடி மண் வேண்டும். ஒரு கன யார் என்பது 27 கன அடி, ஆகவே நான்கு யார். கடையில் சின்னச் சின்னப் பையாக வாங்கினால் காசு இரட்டிப்பாகும், பையைத் தூக்கி முதுகும் போகும். மண் விற்கிறவர்களிடம் 'ட்ரிபிள் மிக்ஸ்' என்று கேளுங்கள். மேல்மண், பீற் (சதுப்புநிலத்தில் உக்கிய பாசி), கொம்போஸ்ட் மூன்றும் கலந்தது. வாகனத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். கார் நிறுத்தும் இடத்தில் தார்ப்பாய் விரித்துக் கொட்டச் சொல்லுங்கள், வீதியில் கொட்ட விடக்கூடாது. வீல்பரோவில் இருபது நடைக்கு மேல் வரும். மருமக்கள், பெறாமக்கள் யாரும் வீட்டுக்கு வருகிற நாளாகப் பார்த்து ஓடர் பண்ணுங்கள்.

ட்ரிபிள் மிக்ஸை மட்டும் நம்ப வேண்டாம். அதில் சத்துக் குறைவு. மேலே ஒரு அங்குலத்துக்குக் கொம்போஸ்ட்டும், பையில் விற்கிற செம்மறியாட்டு எருவும் தூவுங்கள். நவம்பரில் வீதியோரம் பழுப்பு நிறக் கடதாசிப் பைகளில் இலை வந்து நிற்கும், அதைவிட நல்ல பசளை காசு கொடுத்தாலும் கிடைக்காது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். மேப்பிள் இலையை முழுதாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் தண்ணீர் இறங்காது. புல்வெட்டும் மெஷினை இலையின் மேல் ஓட்டி நொறுக்கிப் போடுங்கள். வால்நட் இலை வேண்டாம்.

மண்ணை வீட்டுச் சுவரில் அணைக்கக்கூடாது. செங்கல் தொடங்குமிடத்திலிருந்து ஒரு சாணாவது கீழே மண் நிற்க வேண்டும், சரிவு வீதிப் பக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலக்கீழ் அறைக்குள் தண்ணீர் வரும். எரிவாயு மீற்றரைச் சுற்றி ஒரு ஆள் நின்று வேலை செய்ய இடம் விடுங்கள்.

வீதிக்குத் தெரிகிற தோட்டம்

பின்வளவில் வாளி கவிழ்ந்து கிடந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். முன்வளவில் ஒழுங்குதான் பாதி வேலை. எல்லை நேராக இருந்தால் உள்ளே என்ன காடு வளர்ந்தாலும் அது தோட்டம் என்று ஊர் ஒத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் புல்லோடு தொடுகிற இடத்தில் சவளால் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் போல வெட்டிவிடுங்கள். கென்டக்கி புல் நிலத்தடியால் ஓடி வரும், அதை நிறுத்துவதும் அந்த வெட்டுத்தான். வருடத்தில் இரண்டு தரம் திரும்ப வெட்ட வேண்டும்.

பாத்தி நான்கு அடி அகலத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். நடுவில் ஒன்றரை அடி நடைபாதை, அதிலும் மட்டை விரித்து மரச்சீவல் போடுங்கள். உயரமானவை வடக்கே. முன்வளவு தெற்குப் பார்த்திருந்தால் வீட்டுப்பக்கம்தான் வடக்கு, ஆகவே பந்தல் வீட்டை அண்டி, அதற்கு முன்னால் கத்தரியும் மிளகாயும், வீதியோரம் மரிகோல்ட், சைவ்ஸ் போலக் குட்டையானவை. கார் பின்வாங்கும் இடத்தில் முழங்காலுக்கு மேல் எதுவும் வேண்டாம், நடைபாதையில் வருகிற பிள்ளை தெரிய வேண்டும்.

ஊரில் போடுகிற மாதிரிப் பந்தல் இங்கே முன்வளவுக்கு ஒத்துவராது. கொங்கிரீட்டுக்குள் போடும் கம்பிவலையை வளைத்து, வாசலுக்குப் போகும் வழிக்கு மேல் வளைவாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம் அறைந்து கட்டினால் காற்றுக்கு நிற்கும். பாகலும் பயற்றையும் அதில் ஏறினால் பார்க்கிறவர் நின்று பார்ப்பார். புடோல் தொங்கும்போது நுனியில் சின்னக் கல் கட்டுவோம் அல்லவா, நேராக வளர? அந்தக் கல்லுக்கு விளக்கம் சொல்லியே எங்கள் வீதியில் பாதிப்பேரோடு எனக்குப் பழக்கம். எதிர்வீட்டுப் பிலிப்பீன்ஸ் அக்கா காய் கேட்பதில்லை, பாவற்கொழுந்துதான் கேட்பார். அவர்கள் பயற்றோடு போட்டுச் சூப் வைப்பார்களாம்.

எதை, எப்போது

எங்கள் மரக்கறிக்கு இங்கே கோடை நீளம் காணாது. அதனால் கத்தரியும் மிளகாயும் மார்ச் நடுவிலேயே வீட்டுக்குள் விதைக்க வேண்டும். முளைக்கச் சூடு வேண்டும், 25 பாகைக்கு மேல். நிலக்கீழ் அறையில் ஃபேர்னஸ் பக்கத்தில் வைத்தாலே முளைக்கும். முளைத்ததும் வெளிச்சம் வேண்டும். ஜன்னலோரம் மட்டும் போதாது, கன்று ஒல்லியாக நீண்டு சரியும். எல்.ஈ.டி குழாய் விளக்கு ஒன்றை கன்றுக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் தொங்கவிடுங்கள். தக்காளி ஏப்ரல் முதல் வாரம். பாகலும் புடோலும் ஏப்ரல் கடைசி, விதையின் ஓரத்தை நகவெட்டியால் மெல்லக் கிள்ளி இரவு முழுக்க ஊறவைத்தால் வேகமாக முளைக்கும். மார்ச்சைத் தவறவிட்டவர்கள் மேயில் நாற்றுக்கடையில் நீளக் கத்தரிக் கன்று வாங்கலாம், குறை ஒன்றுமில்லை.

வெளியே நடுவது விக்ரோரியா தின நீள்வாரத்துக்குப் பிறகு. மே 25க்கு முந்திய திங்கள் அது. மே முதல் வாரம் இரண்டு நாள் சுட்டெரித்தால் கை துறுதுறுக்கும். பொறுங்கள். இரவு 10 பாகைக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும் வரை கத்தரி வளராது, மஞ்சளடித்து நிற்கும். நடுமுன் ஒரு வாரமாவது கன்றுகளை வெளியே பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டு போங்கள். நேரே வெயிலில் வைத்தால் இலை வெள்ளையாக வெந்துவிடும்.

வெண்டிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. விதையை ஊறவைத்து யூன் முதல் வாரம் நேரே பாத்தியில் ஊன்றுங்கள். பயற்றையும் முளைக்கீரையும் அதே வாரம். முளைக்கீரை நான்கு வாரத்தில் சட்டிக்கு வரும், சிவப்பு இனம் முன்வளவுக்கு அழகு. ஒரு செடியைப் பூக்க விட்டால் அடுத்த வருடம் விதைக்கவே தேவையில்லை. வெந்தயமும் கொத்தமல்லியும் இதற்கு மாறு. அவற்றை ஏப்ரல் கடைசியில் போட்டுவிடுங்கள், யூலைச் சூட்டில் கொத்தமல்லி பூத்துவிடும். ஓகஸ்ட் கடைசியில் இன்னொருதரம் போடலாம்.

ஊர் அவரையையும் சிறகவரையையும் நட்டு, பச்சைப் பசேலென்ற கொடியைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் பலர். பசளை குறைவு என்று அள்ளி அள்ளிப் போடுவார்கள். பசளையில் குறை இல்லை. பகல் குறுகினால்தான் அவை பூக்கும். யூனில் இங்கே 15 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். செப்டெம்பரில்தான் அவற்றுக்குப் பூக்க மனம் வரும், ஒக்டோபரில் பனி வந்துவிடும். கொடி அழகுக்கு வேண்டுமென்றால் வையுங்கள், குழம்புக்கு நம்பாதீர்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் சட்டியில்தான். இரவு 10 பாகைக்கு இறங்கும் முன் இரண்டும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

பூச்சி, பிராணி, தண்ணீர்

கத்தரிக்கன்றின் இலையில் ஊசியால் குத்தியது போலத் துளை துளையாகக் கண்டால் அது தத்துவண்டு. கறுப்பாக, எள்ளளவில் இருக்கும், தொட்டால் துள்ளும். சின்னக் கன்றை முடித்துவிடும். நட்ட அன்றே மெல்லிய வெள்ளைத் துணி விரித்து ஓரத்தில் மண் போடுங்கள், பூக்கத் தொடங்கியதும் எடுங்கள். மருந்து தேவையில்லை. உருளைக்கிழங்கு வண்டு கத்தரிக்கும் வரும். கோடு போட்ட முதுகு, இலைக்கு அடியில் செம்மஞ்சள் முட்டை. காலையில் கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.

புதுமண் கண்டால் ரக்கூன் இரவில் புழுத் தேடிக் கிளறும். முதல் மாதம் கோழிவலையைப் பாத்தியின் மேல் படுக்கையாக விரித்து வையுங்கள், காலுக்கு அது பிடிக்காது. முயலுக்கு இரண்டடி உயர வலை, அடியில் கொஞ்சம் புதைத்து. அணிலுக்கு வழி இல்லை. தக்காளி நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்து மேசையில் பழுக்க விடுங்கள். மனிதர் களவெடுப்பார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அணில் எடுப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வாரத்துக்கு ஒரு அங்குலத் தண்ணீர் வேண்டும். நான் சொன்ன 216 சதுர அடிக்கு அது 500 லீற்றர். மழை பெய்தால் கழித்துக்கொள்ளுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஒரு பீப்பாய் வைத்தால் ஒரு நல்ல மழைக்கு நிரம்பும். தினமும் மேலால் தெளிப்பதைவிட வாரத்தில் இரண்டு நாள் ஆழமாக விடுவது நல்லது, காலையில், வேருக்கு. யூன் நடுவில் மண் சூடேறிய பிறகு வைக்கோல் பரப்பினால் தண்ணீர் மிச்சம்.

ஒக்டோபரில் முதல் பனி விழுந்து செடிகள் கறுத்ததும் பிடுங்காதீர்கள். அடியோடு வெட்டி, வேரை மண்ணுக்குள் உக்க விடுங்கள். ஒரு பாத்தியில் உள்ளி நடுங்கள். கூர்முனை மேலே, இரண்டு அங்குல ஆழம், ஆறு அங்குல இடைவெளி, மேலே நொறுக்கிய இலை. அடுத்த யூலையில் கிண்டலாம். பிறகு பாத்தியின் நான்கு மூலையிலும் உயரமான கம்பு ஊன்றி, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். சினோ தள்ள வருகிறவருக்கு எல்லை தெரியாவிட்டால் உப்புக் கலந்த பனியைக் கொண்டுபோய் உள்ளியின் மேல் குவித்துவிடுவார். பனி குவிக்கவென்று வளவில் ஒரு மூலையைப் புல்லாகவே விட்டுவையுங்கள்.